கண்மாய்க் கரையில் பைக் ஏற்றினால் என்ன தப்பு?

நாகமலை ரைடர்:
போன ஞாயிறு நாங்க மூணு பேர் மதுரை மேலூர்கிட்ட இருக்க அரிட்டாபட்டிப் பக்கம் ஆஃப்ரோடு, அதான் ரோடு இல்லாத மண்ணுல பைக் ஓட்டப் போனோம். எக்ஸ்பல்ஸ் பைக் ரெண்டு, ஹிமாலயன் ஒண்ணு. எல்லாருக்கும் ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் இருந்துச்சு. ஒரு கண்மாய்க் கரையில சரிவுல ஏறி எறங்கிப் பழகிக்கிட்டு இருந்தப்ப, ஒரு பெரியவர் வந்து சாவியைப் பிடுங்கிட்டாரு. அரை மணி நேரம் கெஞ்சித்தான் வாங்குனோம். அது பொது இடம். நாங்க யாருக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?

மேலூர் விவசாயி:
கரைக்குச் செஞ்சீங்க தம்பி. அது வெறும் மண்ணு. அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது மேல மண்டியிருக்க புல்லு. மண்ணைக் கவ்வுற கட்டை கட்டையான பட்டன் டயரைப் போட்டு முறுக்கி ஏத்துனா புல்லு வேரோட பேந்து வந்துரும். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடம் விழும். ஐப்பசி மழையில தண்ணி அந்தத் தடத்துலதான் ஓடும், ஒவ்வொரு மழைக்கும் ஆழமா அறுக்கும். கண்மாய் நெறஞ்சு நிக்கிறப்ப அந்த எடம் ஒடைஞ்சா கீழ இருக்க வயக்காடு பூராம் போச்சு.

நாகமலை ரைடர்:
அப்ப அதே கரையில டிராக்டர் போறது மட்டும் சரியாண்ணே?

மேலூர் விவசாயி:
கரை மேல காய்ஞ்ச பாதையில மெதுவாப் போகுது. சரிவுல ஏறி எறங்கல. மழை பேஞ்ச ஈரத்துல நாங்களே ஓட்டமாட்டோம். நீங்களும் மேல் பாதையில மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிருந்தா ஒருத்தரும் மறிச்சிருக்கமாட்டாங்க.

இன்னொண்ணு, அந்த ஊரு எது? 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு, 193 ஹெக்டேர். குன்றுல சமணர் படுக்கை, பழைய தமிழ் எழுத்தான தமிழியில வெட்டுன கல்வெட்டு, பாறை இடுக்குல வல்லூறு கூடு. டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னு மேலூர் வட்டாரமே தெருவுல எறங்குச்சு. 2025 ஜனவரியிலதான் அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை ரத்து செஞ்சாங்க. தெரியாத வண்டி மண்ணைக் கிளறுனா அந்தப் பெரியவருக்குப் பதறாதா?

திருநகர் பைக் அக்கா:
அண்ணன் சொல்றது நியாயம். நான் ஆறு வருசமா மண்ணுல ஓட்டுறேன். பழகுறதுக்கு மேடு எதுக்கு தம்பி? அறுப்பு முடிஞ்ச தரிசுல, நிலத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு, முதல் கியர்ல எழுந்து நின்னு எட்டுப் போடுங்க. முழங்காலால டேங்கை அணைச்சுப் பிடிங்க, கையைத் தளர்வா விடுங்க. கண்ணு முன் டயர்ல இருக்கக்கூடாது, போகப்போற எடத்துல இருக்கணும். சரளையில முன் பிரேக்கை ரெண்டு விரலால மெல்ல அழுத்துங்க. வெடுக்குனு பிடிச்சா முன்சக்கரம் வழுக்கிரும்.

காத்தைக் குறைச்சா பிடிமானம் கூடும். நான் முன் டயரை 25ல இருந்து 20 பிஎஸ்ஐக்கு எறக்குவேன். ரொம்பக் குறைச்சா ட்யூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கிப் பஞ்சராகும். நாலுவழிச்சாலைக்கு ஏறுமுன்ன திரும்ப அடிச்சிரணும்.

தனியா மட்டும் போகாதீங்க. சிறுமலை அடிவாரத்துல என் கூட்டாளி விழுந்து தோள்பட்டைக் காறையெலும்பு முறிஞ்சப்ப செல்போன் சிக்னலே இல்ல. கூட வந்த ஒருத்தன் ஊருக்குள்ள ஓடித்தான் ஆள் கூட்டிட்டு வந்தான். அந்த ரெண்டு மணி நேரத்தை இன்னும் என்னால மறக்க முடியல.

சோழவந்தான் பையன்:
இம்புட்டு கவசம் எதுக்கு? எங்க ஊர்ல கைலியைக் கட்டிக்கிட்டு எக்ஸெல் மொபெட்டுல வரப்புல போறாங்க.

திருநகர் பைக் அக்கா:
அவங்க போறது தெனமும் போற வரப்பு, நடக்குற வேகம். நீ தெரியாத பாறையில 150 கிலோ வண்டியை ஏத்துற. அது சாஞ்சா உன் கணுக்கால் மேலதான் விழும். பூட்ஸைப் போடு. சைலன்சரைக் கழட்டிட்டும் வராத. கெடை ஆடு மெரண்டு செதறுனா, சேக்குறதுக்கு அதை மேய்க்கிற கீதாரி ராத்திரி பூராம் அலையணும்.

நாகமலை ரைடர்:
தண்ணி அறுக்கும்னு சத்தியமா யோசிக்கலண்ணே. சரிவுல ஏத்துனது தப்பு. ஆனா சாவியைப் பிடுங்குனதை நான் ஒத்துக்கமாட்டேன், வாயால சொல்லியிருந்தாலே எறங்கியிருப்போம். பழக ஒரு எடம் வேணும். மூடிக்கெடக்குற கல்குவாரியை ஒதுக்கிக் கொடுத்தா என்ன?

மேலூர் விவசாயி:
குவாரி வேணவே வேணாம். தண்ணி தேங்கி எத்தனை ஆழம்னே தெரியாது, விளிம்பு சரியும். கடலை புடுங்குனதும் என் தரிசுக்கு வாங்க, உழவு போடுற வரைக்கும் ஓட்டுங்க. அதுக்கு முன்ன, கரையில நீங்க போட்ட தடம் அப்படியே கெடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில மூணு பேரும் வாங்க, மம்பட்டியும் புல்லுக்கரணையும் நான் கொண்டாறேன்.

நாகமலை ரைடர்:
ஆறு மணிக்கு வந்துர்றோம்ணே.