கையாளும் தன்மைக்கு மதிப்பெண்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

குழுவில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் விமானப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு விலகி வரும் விமானத்தைக் கடைசி நேரத்தில் நேராக்கித் தரையிறக்க வேண்டும். இதுதான் எங்கள் ஆய்வகச் சிமுலேட்டரில் நான் வைத்திருக்கும் சோதனை.

விமானம் கைக்கு எவ்வளவு எளிதாக அடங்குகிறது என்று மதிப்பிட, விமானியே 1 முதல் 10 வரை எண் தரும் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோலை எடுத்துக்கொண்டேன். இது 1969இல் வெளிவந்தது. 1 மிகச் சிறப்பு. 10 என்றால் கட்டுப்பாடே கைவிட்டுப் போகும். எடுத்த எடுப்பில் எண்ணைச் சொல்லிவிட முடியாது. கட்டுப்படுத்த முடிகிறதா, தாங்கக்கூடிய உழைப்பில் போதிய துல்லியம் கிடைக்கிறதா, திருத்தம் இல்லாமலே திருப்தியா என்று படிப்படியாகத்தான் வர வேண்டும்.

சிக்கல் இதுதான். கட்டுப்பாட்டுக் கோலை அசைத்த பிறகு விமானம் கால் நொடி தாமதித்துத் திரும்புமாறு வேண்டுமென்றே அமைத்தேன். பயிற்சி விமானிகள் மூவர் ஓட்டினார்கள். தரை நெருங்கியதும் மூவரின் மணிக்கட்டும் முன்னும் பின்னுமாகத் துடித்தது. விமானத்தின் மூக்கு ஏறி இறங்கியது. ஆனால் அவர்கள் தந்த எண்கள் 4, 5, 8! 4 தந்தவர், “பழகிவிட்டது” என்கிறார். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை. குறையை விமானி தன் திறமையால் மூடிவிட்டால் அது பொறியாளர் கண்ணில் படாமலே போய்விடுமே!

பெங்களூருவில் விமானப்படையின் சோதனை விமானிகள் பள்ளியில் பயின்றவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எண்ணைக் கேட்கும் முன் விமானியிடம் என்னென்ன கேட்பீர்கள்? அளவுகோலில் வரும் ‘விரும்பத்தக்க’, ‘போதுமான’ என்ற இரு நிலைத் துல்லியத்துக்கும் எல்லையை எத்தனை மீட்டர் என வகுப்பது? எத்தனை முறை ஓட்டிய பின் மதிப்பெண் வாங்கலாம்? மூவரையும் மறுபடி ஓட்டச் சொல்வதற்குள் இவை தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.