டென்பின் பௌலிங்: பந்தை விடும் நேரத்தில் உடலை நிலைநிறுத்துவது எப்படி?

வணக்கம். பந்தை உருட்டிப் பத்துப் பின்களை (பாட்டில் வடிவக் கட்டைகளை) வீழ்த்தும் இந்த ஆட்டத்தை வலக்கையால், ஐந்து எட்டு (காலடி) நடையில் ஆடும் எனக்கு, ஒவ்வொரு முறையும் உடலை ஒரே நிலையில் வைத்துப் பந்தை விடுவது கைகூடவில்லை. அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

பந்து உருளும் தளத்தில் குறிபார்ப்பதற்காக உள்ள அம்புக்குறிகளில் வலப்புறத்திலிருந்து இரண்டாவதை, அதாவது தளத்தின் நீளவாக்கில் பதித்த பலகைகளில் பத்தாவதை, நோக்கி எறிகிறேன். முதல் பின் பிழைக்கோட்டிலிருந்து (பந்தை விடும்போது தாண்டக்கூடாத கோடு) 60 அடி தூரத்திலும், அம்புக்குறிகள் ஏறத்தாழ 15 அடியிலும் இருப்பதால், அம்புக்குறியில் ஒரு பலகை தவறினால், நேராகச் செல்லும் பந்தும் பின்களை அடையும்போது நான்கு பலகை அளவுக்கு விலகிவிடுகிறது.

காணொளியில் பார்த்தபோது, இறுதி எட்டில் இடது கால் வழுக்கி நிற்கையில் முழங்கால் சில முறை நன்றாக மடிவதும், சில முறை ஏறக்குறைய நிமிர்ந்தே இருப்பதும் தெரிந்தது. நிமிர்ந்திருக்கும்போதெல்லாம் வலது தோள் முன்னே சுழன்று, கை உடலுக்குக் குறுக்கே சென்று, பந்தை இடப்பக்கம் இழுத்துவிடுகிறது. கால்கள் முந்திக்கொள்வதால், பின்தங்கிய பந்தைத் தோள்பலத்தால் இழுக்கிறேனோ என்பது என் ஐயம்.

அப்படியானால், இரண்டாம் எட்டில் பந்தை முன்தள்ளும் வேளையைச் சரிசெய்வதா, அல்லது பிழைக்கோட்டருகே ஒற்றை எட்டுப் பயிற்சியால் முழங்காலை முதலில் பழக்குவதா? பதினான்கு பவுண்டுப் பந்தின் எடையைக் குறைப்பது உதவுமா? பௌலிங் வீரர் ஜேசன் பெல்மான்டியைப் போல இரு கைகளால் ஆடுமாறு நண்பர்கள் சொல்வதில் எனக்கு நாட்டமில்லை. ஒரு கை முறைக்கான பயிற்சிகளையே கேட்கிறேன்.