"1 டபிள்யூ" என்றால் என்ன?

சேலத்துப்பொண்ணு: நேற்று வேறோர் இழையில் டாக்டர் 'வெள்ளைக்கோட்டு' எழுதியிருந்தார்: "ஓபி சீட்டில் பிழை என்பதெல்லாம் கட்டுக்கதை, கெடுப்பது மருந்துக்கடைதான்." படித்ததும் வயிறு எரிந்தது. போன வருடம் என் மாமியாருக்கு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி. எழுதினார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. சீட்டில் இருந்தது "1 டபிள்யூ". கடையில் ஏழு மாத்திரை கொடுத்து, தினம் காலையில் ஒன்று என்றார்கள். வாரம் முடிவதற்குள் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. வெள்ளையணு குறைந்து எட்டு நாள் வார்டில் கிடந்தார்.

வெள்ளைக்கோட்டு: "1 டபிள்யூ" என்றால் வாரம் ஒன்று. டபிள்யூ என்பது வீக், அதாவது வாரம். இதில் என்ன குழப்பம்? கடையில் இருந்தவர் பி.ஃபார்மா படித்தவரா, கேட்டீர்களா?

மாத்திரைடப்பா: 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன் சார். "1 டபிள்யூ" என்றால் ஒரு வாரத்துக்கு. கேஸ் மாத்திரைக்கு "1-0-0, 1 டபிள்யூ" (காலையில் மட்டும் ஒன்று, ஒரு வாரத்துக்கு) என்று நீங்களே எழுதுகிறீர்கள். அங்கே ஒரு வாரம், இங்கே வாரம் ஒன்றா?

வெள்ளைக்கோட்டு: அங்கே 1-0-0 இருக்கிறது. இங்கே இல்லை. இல்லையென்றால் வாரம் ஒன்று. மெத்தோட்ரெக்சேட்டை எவனாவது தினம் கொடுப்பானா?

மாத்திரைடப்பா: சில புற்றுநோய்க்குத் தொடர்ந்து ஐந்து நாள் கொடுப்பார்கள். சீட்டில் நோயின் பெயரே இல்லையே, எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

வெள்ளைக்கோட்டு: தெரியாவிட்டால் போன் போட வேண்டியதுதானே?

மாத்திரைடப்பா: ஓபி நேரத்தில் எந்த டாக்டர் எடுத்திருக்கிறார்? எடுத்தாலும் "எழுதியதைக் கொடு" என்று வைத்துவிடுவார்கள்.

நைட்டூட்டி: நான் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் ஓபியில் இந்த மருந்துக்கு மட்டும் "திங்கள்" என்று கிழமையையே எழுதுகிறார்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரைக்கு வேறு கிழமை. சண்டையே இல்லை.

வெள்ளைக்கோட்டு: சிஸ்டர், 150 டோக்கனுக்கும் கிழமை எழுதினால் ராத்திரி ஆகிவிடும். "1 டபிள்யூ" போதும்.

சேலத்துப்பொண்ணு: 2016-லேயே மெடிக்கல் கவுன்சில் கம்பெனி வைத்த பெயரை அல்ல, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, பெரிய எழுத்தில் (கேப்பிடல் லெட்டரில்) எழுதச் சொல்லிவிட்டதே?

வெள்ளைக்கோட்டு: "முடிந்தவரை பெரிய எழுத்தில்". முழுசாகப் படியுங்கள். 2023-இல் பொதுப்பெயரைக் கட்டாயமாக்கிப் புது விதி போட்டார்கள், அதே ஆகஸ்டிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஏன்? பொதுப்பெயரில் வரும் மருந்துகளின் தரம்!

மாத்திரைடப்பா: தரமா, மருந்துக் கம்பெனி செலவில் கோவா டூரா? போன தீபாவளிக்குச் சளிக்கு ஆண்டிபயாடிக் சரி என்று வாதாடியவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

வெள்ளைக்கோட்டு: சீட்டே இல்லாமல் அதே ஆண்டிபயாடிக்கை நாலு நாலாக வெட்டி விற்பது யார்? பேச்சை மாற்றாதீர்கள். "1 டபிள்யூ" என்றால் வாரம் ஒன்று.

மாத்திரைடப்பா: ஒரு வாரம்.

வெள்ளைக்கோட்டு: வாரம் ஒன்று.

சேலத்துப்பொண்ணு: சீட்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. பெயரை மறைத்துப் படம் போடவா?

வெள்ளைக்கோட்டு: போடுங்கள். அது 'டபிள்யூ'வா, 'எம்' எழுத்தா என்று முதலில் பார்ப்போம்.