பாறையை உடைக்காமல் கட்ட ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. சிறுமலை அடிவாரத்தில் எங்க நிலத்துல ஆறு அறையோட சின்னதா ஒரு தங்குமிடம் கட்டப்போறேன். நடுவுல யானை படுத்த மாதிரி ஒரு பாறை, அதன் இடுக்குல ஆல், அத்தி இனத்தைச் சேர்ந்த கல்லிச்சி மரம். ஜேசிபிக்காரர் "உடைச்சு சமன் பண்ணிடலாம்ணே"ங்கறார். எனக்கு மனசே வரல.

இலங்கையில தம்புள்ளை பக்கம், அந்த நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைச்ச கண்டலம ஹோட்டலைப் பார்த்ததிலிருந்து இதே நினைப்புதான். தூண் மேல கட்டடத்தை நிறுத்தி, மழைத்தண்ணி அடியில ஓட வழி விட்டிருக்கார். வரவேற்புக் கூடத்துக்குள்ளேயே பாறை நீட்டிக்கிட்டு நிக்குது. வெளியே முகப்பெல்லாம் கொடி.

பாறையில துளை போட்டு, கம்பி இறக்கி, கிரௌட் (இளக்கமான சிமெண்ட் கலவை) ஊத்தித் தூண் எழுப்பினவங்க யாராவது இருக்கீங்களா? இச்சி வேர் பின்னாடி தூணைப் பெயர்க்குமா? கொடி படர்ந்த சுவர்ல ஈரம் இறங்காம இருக்க என்ன செஞ்சீங்க? திண்டுக்கல் பக்கம் கருங்கல் வேலை தெரிஞ்ச கொத்தனார் இருந்தாலும் சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி தூண் வேலையை முடிக்கணும்.