பழைய பிக்கப்புக்கு வேறு டீசல் எஞ்சின்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, என் பழைய பிக்கப்பின் டீசல் எஞ்சின் போய்விட்டது. பாரத்தோடு மேடு ஏறும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது, ஆஃப் செய்வதற்குள் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, சம்ப்பை (ஆயில் தொட்டி) கழற்றினால் அடியில் பேரிங் துகள்கள் மினுமினுக்கின்றன. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) பேச்சுக்கே இடமில்லை. சேஸி, கியர்பாக்ஸ் எல்லாம் நன்றாக இருப்பதால் வண்டியைக் கழித்துக்கட்ட மனம் வரவில்லை.

அதே மாடலின் பிந்தைய எஞ்சின் ஒன்று கிடைக்கிறது. ஆனால் என்னுடையது டீசலை மெக்கானிக்கல் பம்ப் மூலம் செலுத்துவது, அது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் செலுத்தும் காமன் ரெயில். ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), வயரிங், பெடல் சென்சார், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். இதை யாராவது செய்து ஓட்டுகிறீர்களா, இல்லை பழைய பம்ப் எஞ்சினையே தேடிப் பிடிப்பதுதான் நல்லதா? என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது.

எதை வாங்கினாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) எடுத்து, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்துவிடுவேன். எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

அப்புறம் முக்கியமான சந்தேகம்: பழைய டர்போவை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) புது எஞ்சினில் மாட்டலாமா? துகள் கலந்த ஆயில்தானே அதற்குள்ளும் ஓடியிருக்கும். ஆயில் கூலரை எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் துகள் தங்கும் என்பதால் அதைப் புதிதாகவே போடப்போகிறேன். டர்போவைக் கழற்றிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? இன்டர்கூலரை (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.