முகூர்த்தப் படம் எல்லாம் பட்டை பட்டையா விழுந்திருக்கு, தாலி கட்டுற படமும் சொதப்பல். காப்பாத்த வழி இருக்கா?

கத்துக்குட்டி கேமரா:

அண்ணன்மார்களே, மூணு நாளா தூக்கம் இல்ல. போன புதன்கிழமை தேனி பக்கம் ஒரு கல்யாணம். ரெண்டு வருஷம் ஒரு அண்ணன்கிட்ட லைட் பிடிச்சேன், செகண்ட் கேமராவா நாலு முகூர்த்தம் எடுத்திருக்கேன். நானே பேசி, நானே எடுத்தது இதுதான் முதல். பொண்ணு வீட்டு ஆர்டர், போட்டோ மட்டும், 35,000. அட்வான்ஸ் 15,000 வாங்கியாச்சு. வீடியோ மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பிடிச்ச ஆளு.

கேமரா சோனி ஏ7 மார்க் 3, செகண்ட் ஹேண்டுல வாங்கினது. முகூர்த்தம் காலைல அஞ்சு டூ ஆறு, வெளிய கும்மிருட்டு. மந்திரம் சொல்ற நேரத்துல டக்கு டக்குன்னு சத்தம் வர வேணாமேன்னு சைலண்ட் மோடு போட்டேன். ஷட்டர் 1/320, ஐஎஸ்ஓ 3200. பின்னாடி ஸ்கிரீன்ல பார்த்தப்ப ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து சிஸ்டத்துல ஏத்தினா, பொண்ணு முகத்துல குறுக்கால பட்டை. ஒண்ணு வெளிச்சமா, அடுத்தது மங்கலா, லேசா மஞ்சள் தட்டி. கேமராவ நெட்டுக்குத்தா பிடிச்சு எடுத்ததுல பட்டை நெடுக்கால நிக்குது. மொத்தம் 212 படம். சென்சார் போயிருச்சா?

இதோட தாலி கட்டு வேற. கெட்டிமேளம்னு சத்தம் வந்ததும் ஒரு சித்தி போனைத் தூக்கிட்டு எனக்கு முன்னாடி வந்துட்டாங்க. நான் நகர்ந்து போறதுக்குள்ள முதல் முடிச்சு முடிஞ்சு போச்சு. என்கிட்ட இருக்கிறது மாப்பிள்ளையோட முழங்கையும் சித்தியோட கொண்டையும்தான். பொண்ணோட அப்பா நேத்து போன் பண்ணி, "தாலி கட்டுற படத்த மட்டும் வாட்ஸ்அப்ல விடு தம்பி"ன்னார். நெட் இல்லன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஃபிலிம் காலத்து ஆளு:

தம்பி, சென்சாருக்கு ஒண்ணும் ஆகல, சர்வீஸ்ல குடுத்து காசு அழிக்காத. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துல இருக்கிற மலிவு எல்இடி எல்லாம் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சைலண்ட் மோடுல உன் கேமரா படத்த ஒரே மூச்சுல எடுக்காது, மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியா வாசிக்கும். முழுசா வாசிக்க கிட்டத்தட்ட 1/15 நொடி ஆகுது. அதுக்குள்ள லைட் ஆறேழு தடவை மூச்சு விட்டுரும். உன் படத்துல பட்டைய எண்ணிப் பாரு.

சைலண்ட் மோட அணைச்சுட்டு, டக்குன்னு சத்தம் வர்ற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்து. ஷட்டர 1/100ல வை. லைட்டோட ஒரு முழு சுத்து உள்ள வந்துரும், பட்டை விழாது. உன் கேமரா மெனுவுல ஃப்ளிக்கர், அதான் இந்த லைட் துடிப்பு, குறைக்கிற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, ஆனா அது சைலண்ட் மோடுல வேலை செய்யாது. மேடைக்குப் பின்னாடி பெரிய எல்இடி ஸ்கிரீன் இருந்தா மட்டும் கணக்கு வேற. அது துடிக்கிற வேகம் ஒவ்வொரு மண்டபத்துல ஒவ்வொரு மாதிரி. முந்தின நாள் ரிசப்ஷன்லயே நாலு ஷட்டர் ஸ்பீடுல எடுத்து, பெருசு பண்ணிப் பார்த்துக்கணும்.

சத்தத்துக்கு ஏன் பயந்த? தவிலும் நாதஸ்வரமும் அடிக்கிற இடத்துல ஷட்டர் சத்தம் யார் காதுல விழப் போகுது!

மதுரை கேண்டிட்:

1/100ல வச்சா அட்சதை எல்லாம் கோடாத்தான் இழுக்கும் சார், கை ஆடினாலும் கலங்கும். ஃப்ளாஷ் போட்டிருக்கலாம்ல ப்ரோ?

கத்துக்குட்டி கேமரா:

ஃப்ளாஷ் மாட்டித்தான் ப்ரோ இருந்துச்சு, எரியவே இல்ல. பேட்டரி போச்சுன்னு நினைச்சு கழட்டி வச்சிட்டேன். இப்பத்தான் படிச்சேன், சைலண்ட் மோடுல ஃப்ளாஷ் எரியாதாமே.

ஃபிலிம் காலத்து ஆளு:

அதேதான். கேமரா உனக்கு சொல்லிப் பார்த்திருக்கு, நீ பேட்டரி மேல பழியப் போட்டுட்ட. மதுரை தம்பி, 1/100ல ஃப்ளாஷும் சேர்ந்தா முகம் நின்னுரும், அட்சதை இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும், அதுவும் அழகுதான். ஆனா மண்டபத்துல ஃப்ளாஷ மேல அடிக்கிறதுக்கு முன்னாடி கூரையப் பாருங்க. ரோஸ் கலர்ல துணி கட்டியிருந்தா பொண்ணு முகமும் ரோஸாத்தான் வரும். ஒரு தடவை பச்சைத் துணிக்கு அடிச்சுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மதுரை கேண்டிட்:

சரி, எடுத்த படத்துக்கு வருவோம். ராவ்ல, அதாவது ஜேபெக்கா சுருக்காம சென்சார்ல விழுந்தது அப்படியே இருக்கிற ஃபைலா எடுத்தீங்களா? ஒவ்வொரு சீனும் எத்தனை ஃப்ரேம்?

கத்துக்குட்டி கேமரா:

ராவ்தான் ப்ரோ. பயத்துல எல்லாமே அஞ்சாறா அமுக்கியிருக்கேன்.

மதுரை கேண்டிட்:

பயம் காப்பாத்திருச்சு. பட்டை ஒரே இடத்துல நிக்காது, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகரும். ஒண்ணுல நெத்தியில விழுந்தது அடுத்ததுல தாடைக்குப் போயிருக்கும். பொண்ணு மாப்பிள்ளை மணவறையில அசையாம உக்காந்த படங்கள்ல ரெண்டு ஃப்ரேம ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, வெளிச்சமான பகுதிய மட்டும் எடுத்து ஒட்டுங்க. ஃபோட்டோஷாப்ல ஒரு படத்துக்கு கால் மணி நேரம் ஆகும். 212ஐயும் செய்யாதீங்க, செத்துருவீங்க. ஆல்பத்துக்குப் போற முப்பது படம் போதும். மஞ்சள் தட்டினதுக்கு மாப்பிள்ளை வேட்டியப் பார்த்து கலர் சரி பண்ணுங்க, வேட்டி வெள்ளையானா முகம் தானா வந்துரும்.

கருப்பு வெள்ளையாக்கினா கலர் பட்டை மறையும். ஆனா முகூர்த்தப் பட்டோட கலர் போச்சுன்னா வீட்டுப் பெரியவங்க ஆல்பத்த மூஞ்சியிலயே எறிவாங்க. ரெண்டு படத்துக்கு மேல வேணாம்.

வீடியோ மாமா:

தாலிக்கு நான் சொல்றேன். அந்த வீடியோக்காரர் 4கேல எடுத்தாரான்னு கேளுங்க. 4கேல ஒரு ஃப்ரேம் 3840க்கு 2160, எட்டு மெகாபிக்சல் வரும். 12க்கு 36 ஆல்பத்துல 12 இஞ்ச் உசரத்துக்கு இஞ்சுக்கு 180 புள்ளி. தாங்கும். ஃபுல் எச்டின்னா உசரத்துல புள்ளி அதுல பாதிதான், ஆறு இஞ்ச் உசரத்துக்கு மேல போடாதீங்க. வீடியோ பெரும்பாலும் 1/50ல ஓடும், கை ஆடுற ஃப்ரேம் கலங்கியிருக்கும். முடிச்ச இறுக்கிற அந்த ஒரு வினாடி கை நிக்கும். அதப் பிடிங்க.

ஒண்ணு மட்டும். இது வீடியோவுல இருந்து எடுத்ததுன்னு வீட்டுல சொல்லிருங்க. மாப்பிள்ளை வீட்டுல வீடியோ போட்டுப் பார்க்கிறப்ப அதே படம் நகரும்ல?

போன வருஷப் பொண்ணு:

நான் போட்டோகிராபர் இல்ல, கல்யாணம் ஆன பொண்ணு. எங்க கல்யாணத்துலயும் தாலி கட்டு படத்துல பாதி முகம் ஒரு மாமா தோள்ல மறைஞ்சிருச்சு. எனக்குக் கோபம் அதுல இல்ல. அவர் ரெண்டு மாசம் போன் எடுக்கல, அதுலதான். நாளைக்கே அந்த அப்பாகிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க தம்பி. நெட் இல்லன்னு எத்தனை நாள் சொல்வீங்க?

அப்புறம், ரெண்டாவது மூணாவது முடிச்சு நாத்தனார்தானே போட்டாங்க? அதுவும் சிக்கலையா?

கத்துக்குட்டி கேமரா:

அக்கா, இப்ப ஓடிப் போய்ப் பார்த்தேன். மூணாவது முடிச்சு இருக்கு! சித்தி விலகினப்புறம் எடுத்தது. பொண்ணு தலை குனிஞ்சிருக்கு, நாத்தனார் பின்னாடி நின்னு, பல்லால உதட்டக் கடிச்சுக்கிட்டு முடிச்சு போடுறாங்க. பூச்சரத்த ஒரு கையால தூக்கிப் பிடிச்சிருக்கிறது மாப்பிள்ளை. பட்டை சுவத்துல மட்டும்தான் விழுந்திருக்கு. கட்டை விரல் அளவு படமா பார்த்துத் தள்ளிட்டேன்.

ஃபிலிம் காலத்து ஆளு:

நல்ல படம், முழுப் பக்கம் போடு. அடுத்த முகூர்த்தத்துக்கு ஒண்ணு கேட்டுக்க. தாலித் தட்டு சபைக்கு ஆசீர்வாதத்துக்குப் போகுதுல்ல, அதுதான் உனக்கு மணி. தட்டு திரும்பி மேடை ஏறுறதுக்குள்ள நீ இடத்துல நிக்கணும், அப்புறம் யாரும் விட மாட்டாங்க. தாய்மாமன் யாருன்னு முதல்லயே தெரிஞ்சு வச்சுக்க. "மாமா, தாலி கட்டுறப்ப முன்னாடி யாரும் வராம பார்த்துக்கங்க"ன்னு அவர்கிட்ட சொன்னா போதும், அவர் போடுற சத்தத்துல சித்தி பத்தடி தள்ளி நிப்பாங்க. நீ சொன்னா உன்னையத்தான் முறைப்பாங்க. அய்யர்கிட்டயும் ஒரு வார்த்தை. கெட்டிமேளத்துக்கு அவர்தான் கை காட்டுவார், மாப்பிள்ளையப் பார்க்காம அந்தக் கையப் பாரு.

கத்துக்குட்டி கேமரா:

அப்டேட். இன்னைக்குக் காலைல நேர்ல போனேன். லேப்டாப்ல எல்லாத்தையும் காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "முதல் முடிச்சு இல்லையா"ன்னு ரெண்டு தடவை கேட்டார். பேலன்ஸ்ல 5,000 குறைச்சுக்கங்கன்னு நானே சொல்லிட்டேன், சரின்னார். பொண்ணுதான் நாத்தனார் படத்தப் பார்த்துட்டு, அத அவங்களுக்கு அனுப்பச் சொன்னாங்க.

வீடியோ அண்ணன் 4கேலதான் எடுத்திருக்கார். ஆனா அந்த ரெண்டு நிமிஷ ஃபுட்டேஜுக்கு 1,500 கேக்கிறார். குடுக்கலாமா?

வீடியோ மாமா:

ஆயிரத்துக்குப் பேசிப் பாருங்க. இறங்கலேன்னா குடுத்துருங்க. பென் டிரைவ நீங்களே கொண்டு போங்க, வாட்ஸ்அப்ல வாங்காதீங்க, சுருக்கிரும்.