பிரெப் மாத்திரை: நம் ஆட்களிடம் சொல்லலாமா, கூடாதா?

எழும்பூர்வாசி:
நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி "பிரெப் எடுக்கலாமா" என்று கேட்டான். "காண்டம் இருக்க மாத்திரை எதுக்கு" என்று ஆளாளுக்கு வாயை அடைத்துவிட்டார்கள். அங்கே சண்டை வேண்டாம் என்று இங்கே எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு: எச்.ஐ.வி. இல்லாதவர்கள், தொற்று வராமலிருக்க முன்கூட்டியே போடும் மாத்திரை இது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் இரண்டும் ஒன்றாக இருக்கும். அமெரிக்காவில் 2012-லேயே அனுமதி கிடைத்துவிட்டது, இங்கே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேக்கோ 2022-இல் வழிகாட்டி நெறிமுறை போட்டது. மருந்தைத் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவதே நம் நாட்டுக் கம்பெனிகள்தான், ஆனால் நான் டாக்டரிடம் போய்க் கேட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி "கல்யாணம் ஆயிடுச்சா?". ஆணோடு உறவு வைக்கும் ஒவ்வொரு ஆணுக்கும், கேயோ இருபாலீர்ப்போ, இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லியே ஆகணும். எடுப்பதும் விடுவதும் அவன் பாடு.

பழைய பஞ்சாங்கம்:
சொல்லுங்கள், முழுசாகச் சொல்லுங்கள். தொண்ணூறுகளில் பை நிறைய ஆணுறையோடு பார்க், பீச் என்று அலைந்த கோஷ்டி நாங்கள். எத்தனை பேரை அடக்கம் பண்ணியிருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாது. இந்த மாத்திரை மற்ற பால்வினை நோய்களை, சிபிலிஸைத் தடுக்குமா? கொனோரியாவை? தடுக்காது. 2010-இல் வந்த, பிரெப்பைச் சோதித்த ஐப்ரெக்ஸ் ஆய்விலேயே எச்.ஐ.வி. 44 சதவீதம்தான் குறைந்தது. பாதிகூட இல்லாத பாதுகாப்பை நம்பிக் காண்டத்தைக் கழற்றச் சொல்கிறீர்களா?

நெல்லை 87:
ஐயா, அந்த 44-ஐ அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு போய் விழுங்காதவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இரத்தத்தைச் சோதித்தபோது, தொற்று வந்தவர்களில் 9 சதவீதம் பேரிடம்தான் மருந்தின் சுவடே இருந்தது. மருந்து இரத்தத்தில் இருந்தவர்களுக்கு ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. டப்பாவில் கிடக்கிற மாத்திரை யாரைக் காப்பாற்றும்?

பழைய பஞ்சாங்கம்:
அதைத்தானே நானும் சொல்கிறேன், நம் பையன்கள் ஒழுங்காக விழுங்குவார்களா? டேட்டிங் ஆப்பில் வருகிறவன் எல்லாம் "நான் பிரெப்ல இருக்கேன்" என்கிறான், போய் இரத்தம் எடுத்தா பார்க்க முடியும்?

எழும்பூர்வாசி:
அவன் பேச்சை நம்ப முடியாது என்பதால்தான் நீங்களே போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். காண்டம் போட எதிராளி சம்மதிக்கணும், குடித்திருக்கக் கூடாது, கிழியக் கூடாது. காலையில் காபியோடு விழுங்கிய மாத்திரைக்கு யார் சம்மதமும் தேவையில்லை.

முருங்கைப்பூ:
கொஞ்சம் என் கதையும் கேளுங்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மச்சினன் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். அந்த டப்பாவில் இருக்கும் பெயரைக் கூகுளில் போட்டால் முதலில் வருவதே 'எச்.ஐ.வி. சிகிச்சை', அதை அவன் பார்த்தால் அன்றோடு என் குடும்பம் காலி. வைட்டமின் டப்பாவுக்கு மாற்றலாம் என்றால், ஈரம் பட்டால் கெட்டுவிடும், உள்ளே இருக்கிற அந்தச் சின்ன உறிஞ்சிப் பொட்டலத்தோடு அதே டப்பாவில்தான் வைக்கணும் என்கிறார்கள். அதனால் ஆபீஸ் டிராயர்தான், சாவி என்னிடம். வெளியூர் போகும்போது மட்டும் 2-1-1 முறை: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு, அந்த இரண்டை விழுங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-இல் ஒன்று. பிரான்சில் இப்பர்கே ஆய்வில் இந்த முறையில் 86 சதவீதம் குறைந்தது.

பழைய பஞ்சாங்கம்:
ஹெபடைட்டிஸ் பி பார்த்தீர்களா? அது இருப்பவர்கள் இந்த மருந்தை விட்டுவிட்டுப் போட்டால் கல்லீரல் கெட்டுவிடலாம், அவர்களுக்கு 2-1-1 கூடவே கூடாது. அப்புறம், கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வீட்டம்மாவுக்குச் சிபிலிஸ் போனால்?

முருங்கைப்பூ:
கோபமில்லை சார். ஹெபடைட்டிஸ் பி பார்த்தாச்சு, இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் பார்க்கிறேன். பிரெப் எடுக்குமுன் எந்தச் சோதனைக்கும் போனதே கிடையாது, அப்படியே இருந்திருந்தால் எச்.ஐ.வி.யையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன்.

நெல்லை 87:
பஞ்சாங்கம் ஐயா சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சோதிக்காமல் ஆரம்பிக்கவே கூடாது. ஏற்கெனவே தொற்று இருந்து தெரியாமல் இதைப் போட்டால், தொற்றை அடக்க இந்த இரண்டு மருந்து மட்டும் போதாது, கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், பிறகு சிகிச்சைக்கே சிக்கல். அரசின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். சிறுநீரகம் சரியா என்று அறிய இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கணும். மற்ற பால்வினை நோய்கள் கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பிரெப் எடுத்தவர்களை ஆராய்ந்து 2019-இல் எழுதினார்கள்: கூடியிருந்தது, ஆனால் மொத்தத் தொற்றில் 76 சதவீதம் கால்வாசிப் பேரிடமே. அந்தக் கால்வாசிக்கு அடிக்கடி சோதனை வையுங்கள், மீதிப் பேரிடமிருந்து மாத்திரையை ஏன் பிடுங்கணும்?

எழும்பூர்வாசி:
டப்பா ஒளிக்கும் தொல்லைக்கு லெனகாபவிர் என்ற பிரெப் ஊசி வருகிறது, வருடத்துக்கு இரண்டே முறை. 2024-இல் ஆண்கள், திருநர்களிடம் நடந்த ஆய்வில் ஊசி போட்ட 2,179 பேரில் தொற்று வந்தது 2 பேருக்கு. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,000 டாலருக்கு மேல் விற்கும் அதை, 2027 முதல் நம் நாட்டுக் கம்பெனிகளான டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் 40 டாலர் அளவில் தருவதாக அறிவித்திருக்கிறார்கள்.

பழைய பஞ்சாங்கம்:
வரட்டும், பார்ப்போம். இன்றைக்கு இந்த மாத்திரையைக் கைக்காசு போட்டு மாசாமாசம் வாங்குகிறவன் ஐ.டி. கம்பெனிக்காரன். கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் பையனுக்கு இலவச ஆணுறையாவது கைக்கு வருகிறது.

எழும்பூர்வாசி:
அப்போ அந்தப் பையனுக்கும் மாத்திரையை இலவசமாகக் கொடு என்று கேளுங்களேன்! மனு எழுதுவோம், முதல் கையெழுத்து என்னுடையது.

பழைய பஞ்சாங்கம்:
எழுதுங்கள். கிரியேட்டினின், சிபிலிஸ் உட்பட மூன்று மாதச் சோதனை எல்லாமே இலவசம் என்று அதில் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.